வால்தோராவுக்கு வந்த முகில்

அன்று காலை வால்தோரா மலையின் மேல்நிலையக் குடிலில் இருந்தவர்கள் ஐந்து பேர். மலையின் சொந்தக்காரர் அகிலேஸ்வரன். அவருடைய மகன் ஆதவன். ஆதவனின் மனைவி உர்சினா. ஊர்த் தலைவர் கஸ்பார். அரசாங்கப் பனி ஆய்வாளர் ஹெல்ட் அம்மையார். ஆறாவதாக ஒருவரும் இல்லை. தாங்களும் அங்கே நின்று கண்ணால் கண்டதாகப் பிற்பாடு சூரிச்சிலும் பேர்னிலும் கலியாண வீடுகளில் கதை சொன்னவர்கள் எல்லோரும் அன்றைக்குத் தத்தமது போர்வைக்குள் கிடந்தார்கள்.

"மாமா, தெரியுது! தெற்குக் கணவாயைத் தாண்டீட்டுது!"

உர்சினா கத்திய கத்தலில் அகிலேஸ்வரன் கையிலிருந்த தேநீர் தளும்பியது. அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத்தான் சன்னலுக்குப் போனார். எழுபது வயதைத் தாண்டியவர். எந்த அவசரத்திலும் ஓடியதில்லை என்பது அவருடைய பெருமைகளில் ஒன்று. ஆனால் முகிலைக் கண்டதும் அவருக்கும் உள்ளங்கால் கூசியது. கருநீல வயிறும் வெள்ளைத் தோள்களுமாக, இரண்டு சிகரங்களுக்கு இடையில் உடம்பைத் திணித்துக்கொண்டு அது வந்தது. அந்தக் குளிர்காலத்தில் அந்த மலைப்பக்கம் வந்த இரண்டாவது முகில். ஒருவேளை கடைசியும் அதுதான்.

"என்ன வடிவு!" என்றான் ஆதவன். "அப்பா, இதைப் பாருங்கோ! வயிறு நிறையப் பனி!"

"வயிற்றில இருக்கிறது தண்ணி" என்றாள் உர்சினா. "பனியாக்கிறது என்ர வேலை."

அவள் அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த சுவிஸ்காரி. அகிலேஸ்வரன் வீட்டுச் சமையலறையில் தமிழ் படித்தவள். ஆகவே அவளுடைய தமிழ் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழாக இருந்தது. தொழில் முகில் மேய்ப்பு. இரண்டாயிரத்து எழுபத்தோராம் ஆண்டில் அந்தத் தொழில் இல்லாமல் எந்தச் சறுக்கு மலையும் கதவு திறக்க முடியாது.

பனி தானாக விழும் என்று நம்பியிருந்த காலம் போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. குளிர்காலங்கள் வறண்டு போயின. வந்த சில முகில்களும் மலைமேல் நிற்காமல் ஓடின. அப்போதுதான் பட்டங்கள் வந்தன. உண்மையில் அவை சிறகு வைத்த சிறு இயந்திரங்கள். அகிலேஸ்வரன் குடும்பம் அவற்றைப் பட்டம் என்றே சொல்லிவந்தது. பிறகு கஸ்பாரும்கூட அப்படித்தான் சொன்னார். ஒரு கூட்டம் பட்டங்கள் முகிலைச் சுற்றி வளைத்து, மலைக்கு மேலே தள்ளி நிறுத்தி, அதற்குள் பனிவிதைத் தூளைத் தூவும். இதற்கு 'இழுத்தல்' என்று பெயர். இழுத்த முகில் இருந்த இடத்திலேயே இறங்கிவிடும். ஒரு முகிலை ஒரு தடவைதான் இழுக்கலாம்.

எல்லோருக்கும் போதுமான முகில் இல்லாததால் சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் முறை வைத்தார்கள். இன்று வால்தோராவின் முறை. முறையை விற்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. பெரிய நிறுவனங்கள் ஏழை ஊர்களின் முறைகளை வாங்கிக் குவித்த பிறகு அரசாங்கம் போட்ட தடை அது. மீறினால் கொடுத்த மலைக்கும் வாங்கிய மலைக்கும் உரிமம் பறிபோகும். தை மாதம் முடிவதற்குள் மலைநடுவில் இருக்கும் மஞ்சள் கம்பத்தில் ஒரு சாண் பனி நிற்காவிட்டாலும் உரிமம் போய்விடும். உரிமம் போன ஊருக்குக் குளிர்காலத்தில் பாதை திறந்துவிட மாட்டார்கள். பள்ளிக்கூடம் மூடப்படும். சனம் நகரத்துக்கு இறங்க வேண்டும். இப்படி இறங்கிய ஊர்கள் அந்த மாநிலத்திலேயே ஏராளம். எல்லாம் தாழ்ந்த மலைகளின் ஊர்கள்.

வால்தோரா தாழ்ந்த மலை. இந்தச் சொல்லை அகிலேஸ்வரன் முன்னால் யாரும் சொல்வதில்லை.

அவருடைய தகப்பனார் அகதியாக வந்து இந்தப் பள்ளத்தாக்கின் ஹோட்டலில் கோப்பை கழுவியவர். பனி பொய்க்கத் தொடங்கியதும் சொந்தக்காரர்கள் மலையை விட்டுவிட்டு ஓடினார்கள். அவர் அதை வாங்கினார். தூக்கு நாற்காலிகளுக்கு மறுபடி எண்ணெய் போட்டு ஓடவைத்தார். அந்தப் பிராந்தியத்தில் முதலில் திறப்பது வால்தோராதான் என்று பெயர் எடுத்தார். அந்தப் பெயரை அகிலேஸ்வரன் ஒரு வருஷமும் கீழே விழவிடவில்லை.

வால்தோராவுக்கு அடுத்து, மலைத்தொடருக்கு அப்பால், நிரம்ப உயரத்தில் பியான்சுரா இருந்தது. அது அவருடைய தங்கை தர்மினியின் கணவர் குகதாசனின் மலை. குகதாசனின் தகப்பன் அதை வாங்கியபோது எல்லோரும் சிரித்தார்கள். காற்றும் கல்லும்தான் அங்கே இருந்தன. ஆனால் சூடு மேலே ஏற ஏற, பனியும் அதற்கு மேலே ஏறியது. பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில், குகதாசன் சொன்னார்: "மச்சான், கோபிக்காதையுங்கோ. உங்கடது மலை இல்லை, மேடு."

அகிலேஸ்வரன் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தார். அன்றோடு பேச்சு நின்றது. தங்கையோடும் நின்றது.

போன வாரம் பியான்சுராவின் முறை. வந்த முகிலைச் சூட்டுக்காற்று கலைத்துவிட்டது. அந்த மலையும் இந்த வாரத்தோடு மூடப்பட இருந்தது. அதைப் பற்றி அகிலேஸ்வரன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று அவர் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை என்பதை உர்சினா கவனித்திருந்தாள்.

"உறைகோடு எங்கை?" என்று கேட்டார்.

"கம்பத்துக்குக் கீழே, மாமா. ஆனால் ஏறுது. தெற்குக் காற்று எல்லே, சூடு."

உறைகோட்டுக்கு மேலே விழுந்தால் பனி, கீழே விழுந்தால் மழை. அந்தக் குடிலில் இருந்த ஐந்து பேருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. திரையில் அது ஒரு சிவப்புக் கோடாக மலையின் இடுப்பைச் சுற்றிக் கிடந்தது. மஞ்சள் கம்பம் அதற்குச் சற்று மேலே நின்றது.

"இப்ப இழுத்தால்?"

"கிடைக்கும். ஒரு சாண் கட்டாயம் கிடைக்கும்."

ஆதவன் கைகளைத் தட்டினான். "பிறகென்ன! உர்சினா, ஏத்து! பட்டமெல்லாத்தையும் ஏத்து!"

பட்டங்கள் ஏறின. கொட்டகைகளிலிருந்து கூட்டங்கூட்டமாகக் கிளம்பி, குடிலின் கூரைக்கு மேலால் விர்ரென்று போயின. கஸ்பார் தொப்பியைக் கழற்றி வெளியே ஓடி, சின்னப்பிள்ளைபோல் கையசைத்தார். அவருடைய ஊரில் இன்னும் பதினொரு குடும்பங்கள் இருந்தன. ஹெல்ட் அம்மையார்கூட, அதுவரை கல்லாக இருந்தவர், கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தார். முகில் பள்ளத்தாக்கின் வாசலுக்கு வந்துவிட்டது. பட்டங்கள் அதன் விளிம்பில் இரண்டு கைகள் விரிப்பதுபோல விரிந்தன.

அப்போதுதான் வானொலி கரகரத்தது. மேய்ப்பர்கள் எல்லோரும் பொது அலைவரிசையில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

"வால்தோரா, வால்தோரா. பியான்சுராவில இருந்து. அண்ணா நிக்கிறாரே?"

உர்சினா மாமனாரைப் பார்த்தாள். அவர் பேசுகருவியை எடுக்கவில்லை. எடுக்காமலே சொன்னார், "நிக்கிறன் எண்டு சொல்லு."

"நிக்கிறார் மாமி."

"அண்ணா." தர்மினியின் குரல்தான். "உங்கட முகில் வருது. இஞ்சை இருந்து கண்டனான். நல்ல முகில். நல்லா விழட்டும் அண்ணா. அதுதான் சொல்ல எடுத்தனான்."

பின்னால் குகதாசனின் குரல் சீறியது: "சொல்லீட்டாய்தானே, வை! கேக்காதை! ஒண்டும் கேக்காதை!"

"நான் என்ன கேட்டனான்? என்ர அண்ணாவுக்கு நல்லா இருக்கட்டும் எண்டு சொல்லப்படாதே?"

"அவருக்கு விளங்கும், நீ கேக்கிறாய் எண்டு நினைப்பார். நாங்கள் கேக்கிற ஆக்கள் இல்லை!"

"நீங்கள் கொஞ்சம் வாயை மூடுறியளே!"

ஆதவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அகிலேஸ்வரன் சிரிக்கவில்லை. அவர் சன்னலுக்கு நேரே, முதுகு நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கட்டி நின்றார். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல். நாளை வீட்டைவிட்டு இறங்கப்போகிறவள், எடுத்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு மறுத்துவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

"உர்சினா" என்றார், தமிழில், மெதுவாக. ஆய்வாளருக்குத் தமிழ் தெரியாது. "இண்டைக்கு இஞ்சை விழுறது எவ்வளவு நாளைக்கு நிக்கும்?"

அவள் திரையைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், மாமா. பிறகு கரையும். ஆனால் கம்பத்தில ஒருக்கா நிண்டால் போதும். உரிமம் ஒரு வருஷத்துக்கு நீளும்."

"வாற வருஷம்?"

அவள் சிவப்புக் கோட்டை விரலால் தொட்டாள். அது கம்பத்துக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருந்தது.

"மேலை விழுந்தால்?"

"எங்கை மேலை?" என்று கேட்டவள், கேட்டு முடிக்கும் முன்பே விளங்கிக்கொண்டாள். குரல் இறங்கியது. "சித்திரை வரைக்கும் நிக்கும், மாமா. அங்கை உறைகோடு இன்னும் முப்பது வருஷத்துக்கு ஏறாது."

"என்ன கதைக்கிறியள் ரெண்டு பேரும்?" ஆதவன் பொறுமை இழந்தான். "முகில் தலைக்கு மேலை வந்திட்டுது! இழுக்கச் சொல்லுங்கோ அப்பா! நீங்கள் சொல்லாமல் அவள் இழுக்கமாட்டாள்!"

அது உண்மை. முதல் இழுப்புக்குச் சொல் கொடுப்பது குடும்பத் தலைவர். அந்த மலையில் அது வழக்கம். முகில் இப்போது சன்னல் முழுவதையும் மூடிவிட்டது. குடிலுக்குள் இருட்டியது. கஸ்பார் வெளியிலிருந்து, "இப்போ! இப்போ!" என்று கத்தினார். பட்டங்கள் விதையை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தன. உர்சினாவின் பெருவிரல் பொத்தான்மேல் இருந்தது.

அகிலேஸ்வரன் வாயைத் திறந்தார்.

"நில்."

"என்ன?"

"தொடாதை. இப்ப ராகு காலம்."

ஆதவனுக்கு முதலில் காது கேட்கவில்லைபோல இருந்தது. "என்ன காலம்?"

"ராகு காலம். நல்ல காரியம் தொடங்கப்படாது. கழியட்டும்."

"அப்பா!" அவன் குரல் கிழிந்தது. "அப்பா, விசரே உங்களுக்கு? கோடு ஏறுது! கழியிறதுக்குள்ளை எல்லாம் மழையாப் போயிடும்!"

"இந்த மலையில உன்ர அப்பப்பா காலத்தில இருந்து ராகு காலத்தில ஒரு ஆணிகூட அடிச்சது இல்லை."

பஞ்சாங்கம் பார்ப்பது அந்த வீட்டில் அவர் வேலை. நல்ல நாள், கெட்ட நேரம் எல்லாம் அவர் சொல்ல மற்றவர்கள் கேட்டு நடந்து பழகியவர்கள். எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று ஆதவனுக்கும் தெரியாது, உர்சினாவுக்கும் தெரியாது.

ஹெல்ட் அம்மையார் எழுந்து வந்தார். ஜெர்மன் மொழியில், ஒவ்வொரு சொல்லாக அளந்து கேட்டார்: "திரு அகிலேஸ்வரன், உங்கள் முறையில் வந்த முகிலை நீங்கள் இழுக்கவில்லை. காரணம் சொல்ல வேண்டும். வேறு பள்ளத்தாக்குக்காக விட்டால் அது குற்றம். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். மதக் காரணம்" என்றார் அவர், அதே ஜெர்மனில், தலை நிமிர்ந்து. "ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் எங்கள் மரபில் கெட்ட நேரம். அதில் நாங்கள் ஒன்றையும் தொடங்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசைக்காக முகிலை விட்ட ஊர்கள் உங்களிடம் இருந்தன. அவர்களுடைய காரணத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்."

அம்மையார் வானொலியைக் காட்டினார். "அங்கே இருப்பவர்களும் உங்கள் மரபுதானே? அவர்களைக் கேட்கிறேன்." பேசுகருவியை எடுத்தார். "பியான்சுரா, ஆய்வாளர் பேசுகிறேன். வால்தோரா இப்போது முகிலை இழுக்கவில்லை. ராகு காலம் என்று ஒன்று நடக்கிறதாம். அப்படி ஒன்று உண்டா? இப்போதா?"

வானொலி வெறும் காற்றாக இரைந்தது. அகிலேஸ்வரன் அந்தப் பெட்டியையே பார்த்தார். முதுகு வளையவில்லை.

தர்மினியின் குரல் வந்தது. தெளிவான ஜெர்மனில் வந்தது. "உண்டு அம்மா. இப்போதுதான். எங்கள் அண்ணா நேரம் தப்பிச் சொல்லமாட்டார்."

அம்மையார் பேசுகருவியைக் கீழே வைத்து, மதக் காரணம் என்று பதிந்துகொண்டார்.

உர்சினா பெருவிரலை எடுத்தாள். பட்டங்களின் கைகள் மடங்கின. முகில் ஒரு கணம் தயங்கியதுபோல் நின்று, பிறகு யாரும் தொடாத மாடு தன் பாட்டில் எழுந்து நடப்பதுபோல, மலைத்தொடரை நோக்கி நகர்ந்தது. யாரும் இழுக்காத முகில் எந்த எல்லைக்குள் போகிறதோ அந்த மண்ணுக்குச் சொந்தம். அதுவும் சட்டத்தில் உண்டு.

அதன் வால் மட்டும் வால்தோராவில் நின்று சில துளி மழை பெய்தது. கூரையில் அது விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பிறகு வானொலி வெடித்தது.

"வருது! இஞ்சாலை வருது! எழும்புங்கோடா, பட்டத்தை விடுங்கோ! தர்மினி, எங்கை என்ர கண்ணாடி? இழு! இழு! ஐயோ, இழுத்திட்டம்! பிள்ளையள், வெளியிலை வாங்கோ! பனி! பனியடா!" குகதாசன் இருமினார், சிரித்தார், யாரையோ ஏசினார், மறுபடி சிரித்தார். அவருக்குப் பின்னால் பிள்ளைகளின் கூச்சல். யாரோ ஒருவர் தகரத்தில் தாளம் போட்டார். ஒரு முழு ஊர் அந்தச் சின்னப் பெட்டிக்குள் துள்ளிக் குதித்தது.

அகிலேஸ்வரன் அதைக் கடைசிவரை நின்று கேட்டார். அவர் உதட்டு ஓரத்தில் என்ன இருந்தது என்பதை உர்சினா மட்டும் பார்த்தாள்.

ஆதவன் பார்க்கவில்லை. அவன் சுவரில் முஷ்டியால் குத்தினான். "ஒரு மணித்தியாலம்! ஒரு மணித்தியாலத்துக்குப் பயந்து அப்பப்பாவின்ர மலையைத் துலைச்சிட்டியள்! நாளைக்கு எல்லாரும் சிரிப்பாங்கள். பஞ்சாங்கத்துக்கு மலையைக் குடுத்த கிழவன் எண்டு சிரிப்பாங்கள்!"

"சிரிக்கட்டும்" என்றார் அவர்.

கஸ்பார் உள்ளே வந்தார். நனைந்த தொப்பியைக் கையில் பிழிந்தபடி நின்றார். கோபிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "எங்கள் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வது, அகில்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அகிலேஸ்வரன் கண்ணைத் தாழ்த்தினார். அவர் கண்ணைத் தாழ்த்தி அந்த ஊர் பார்த்தது அதுவே முதல் தடவை. கொடுத்தது தன்னுடைய மலை மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அவர் போய்ப் பேசுகருவியைத் தன் கையால் எடுத்தார்.

"குகதாசன்."

மறுபக்கக் கூச்சல் அப்படியே அறுந்தது.

"சொல்லுங்கோ மச்சான்."

"இஞ்சை பதினொரு குடும்பம் இருக்கு. மேலை வருகினம். வீடும் வேலையும் பாக்க வேணும். பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் வேணும். நான் கேக்கேல்லை. சொல்லுறன்."

"ஓம் மச்சான்" என்றார் குகதாசன். அவருடைய சத்தத்தில் பழைய துடுக்கு ஒரு துளியும் இல்லை. "வரட்டும். எல்லாரும் வரட்டும். நீங்களும்..."

அகிலேஸ்வரன் பேசுகருவியை வைத்துவிட்டார்.

அந்தக் குடும்பங்கள் போயின. கஸ்பார் பியான்சுராவில் டிக்கெட் கொடுக்கும் கூண்டில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அங்கே படித்தார்கள். உர்சினா அங்கே தலைமை மேய்ப்பர் ஆனாள். ஆதவன் இரண்டு வருஷம் தகப்பனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகும் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. அகிலேஸ்வரன் மேலே போகவில்லை. குளிர்காலத்தில் பாதை மூடும் வீட்டிலேயே இருந்தார். ஒவ்வொரு வருஷமும் பியான்சுராவில் முதல் பனி விழும் காலையில் தொலைபேசி அடிக்கும். குகதாசன், "விழுந்திட்டுது மச்சான்" என்பார். இவர், "ம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அவர் தொண்ணூறு வயதுவரை இருந்தார். அந்தப் பேச்சு ஒரு வருஷமும் தவறவில்லை.

முறைகளைக் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் இப்போது இல்லை. அவரும் இல்லை. ஆகவே ஒன்றைச் சொல்லிவிடலாம். ராகு காலம் பார்த்து மலையைக் கோட்டைவிட்ட மூடக் கிழவன் என்று அகிலேஸ்வரனைப் பற்றி இன்றைக்கும் ஒரு கதை உலவுகிறது. அது பிழை. அன்று வியாழக்கிழமை, முகில் வந்தது காலையில். வியாழக்கிழமை ராகு காலம் மதியம் ஒன்றரைக்குப் பிறகுதான்.